அத்தியாயம் 7: நான்கு சுரங்கம், ஒரே அளவுகோல்

கோலார் தங்க வயலில் தங்கம் கிடந்த பாறை தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. அதன் மேல் அடுத்தடுத்து எழுந்த சுரங்கங்களில் நான்கு பெரியவை. தெற்கே மாரிகுப்பத்தில் மைசூர் மைன், அடுத்தது சாம்பியன் ரீஃப், அதற்கடுத்தது உரிகம், வடக்கே நந்திதுர்க். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்து இறங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் கதவைச் சாத்தியது வரை சுமார் 120 ஆண்டுக் கணக்கு இவற்றுக்கு இருக்கிறது. எந்த ஆண்டு எவ்வளவு கல் அரைபட்டது, எவ்வளவு தங்கம் வந்தது என்பது கம்பெனி அறிக்கைகளிலும் மைசூர் சமஸ்தானத்துத் தலைமைச் சுரங்க ஆய்வாளரின் ஆண்டறிக்கைகளிலும் அச்சாகியிருக்கிறது. அடுக்கும் கட்டமும் சேர்ந்த புள்ளி வரைபடம் பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இந்தக் கணக்கைக் கையில் எடுப்பவர்கள் முதலில் போடுவது ஆண்டுக்கு எதிராகத் தங்கத்தை வைத்த கோட்டு வரைபடம். மேலே ஏறி, உச்சி தொட்டு, கீழே இறங்கும். தங்க வயலின் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடும் கதை அது, அதற்கு மென்பொருள் எதற்கு? நாம் கேட்கப்போவது வேறு: கல்லை அதிகம் அரைத்த ஆண்டில் தங்கமும் அதிகம் வந்ததா? தங்கம் குறைந்தது கல்லின் வளம் குறைந்ததாலா, கல்லே குறைவாக மேலே வந்ததாலா? அந்தக் குறைவு நான்கு சுரங்கத்துக்கும் பொதுவா, ஒரு சுரங்கத்தின் தனிக் கதையா? கட்டம் கட்டமாகப் பிரித்து வரைவதே கடைசிக் கேள்விக்காகத்தான்.

இங்கே நாம் பயன்படுத்துவது ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2. லீலண்ட் வில்கின்சன் 1999இல் எழுதிய வரைபட இலக்கண நூலை அடியொற்றி ஹேட்லி விக்கம் உருவாக்கியது, 2007இல் வெளிவந்தது. பைத்தானில் பழகியவர்கள் சீபார்னில் இதே வேலையைச் செய்யலாம். கட்டளை மாறும், யோசனை மாறாது. கட்டளைப் பெயர்களை இந்நூலில் தமிழ் எழுத்தில் தருகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

அட்டவணை

ஒரு சுரங்கம், ஒரு ஆண்டு, ஒரு வரி. இதை மட்டும் மீறாதீர்கள். பழைய அறிக்கைகளில் ஆண்டு இடப்பக்கம் இறங்கும். மைசூர், சாம்பியன், உரிகம், நந்திதுர்க் என்று குறுக்கே நான்கு நெடுவரிசை ஓடும். கண்ணுக்கு அது வசதி, மென்பொருளுக்கு வசதியில்லை. சுரங்கத்தின் பெயர் தலைப்பில் இருக்கக் கூடாது, ‘சுரங்கம்’ என்ற தனி நெடுவரிசையில் மதிப்பாக உட்கார வேண்டும். அகலமான அட்டவணையை நீளமாக்க பிவட்_லாங்கர் என்ற ஒரு கட்டளை போதும். முடித்த பிறகு நான்கு நெடுவரிசைதான் மிஞ்சும்: சுரங்கம், ஆண்டு, கல் (டன்), தங்கம் (கிலோ).

அடைப்புக்குறிக்குள் எழுதிய அந்த அலகுகளில்தான் வில்லங்கம். பழைய கணக்கில் தங்கம் அவுன்ஸில் இருக்கும், அதுவும் டிராய் அவுன்ஸ்: 31.1 கிராம். கல்லின் வளத்தைப் பென்னிவெயிட்டில் சொல்லியிருப்பார்கள். 20 பென்னிவெயிட் ஒரு அவுன்ஸ். டன் என்று போட்டிருந்தால் அது 2240 பவுண்டு டன்னா, 2000 பவுண்டு டன்னா, மெட்ரிக் டன்னா என்று அந்த அறிக்கையின் முகப்பிலேயே தேடிப் பாருங்கள். 2240 பவுண்டு டன்னுக்கு ஒரு பென்னிவெயிட் என்றால் மெட்ரிக் டன்னுக்கு 1.53 கிராம். இன்னொன்றும் உண்டு. ஆலையில் இடி உலக்கைகள் இடித்து எடுத்த தங்கம் ஒரு கணக்கு, மிச்ச மண்ணைச் சயனைடு கரைசலில் ஊறவைத்து எடுத்தது இன்னொரு கணக்கு. இன்றைக்கும் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள் அந்த இரண்டாம் வேலையின் மிச்சம். ஓர் அறிக்கையில் இரண்டும் கூட்டியிருக்கும், மற்றொன்றில் பிரித்திருக்கும். எதை எடுத்தீர்கள் என்பதை ஐந்தாவது நெடுவரிசையாகவே எழுதி வைத்துவிடுங்கள்.

முதல் அடுக்கு: புள்ளிகள்

ஜிஜிபிளாட்டிடம் அட்டவணையைக் கொடுத்து, ஏஈஎஸ் என்ற கட்டளைக்குள் கிடை அச்சுக்குக் கல், நெடு அச்சுக்குத் தங்கம் என்று சொல்லுங்கள். இதுவரை திரையில் வெறும் சட்டம்தான் வரும். கூட்டல் குறி போட்டு ஜியோம்_பாயின்ட் சேர்த்ததும் புள்ளிகள் இறங்கும். இந்தக் கூட்டல் குறிதான் அடுக்கு முறையின் ஆணிவேர். சுரங்க சர்வே அலுவலகத்தில் ஒரு மட்டத்தின் வரைபடத்தின் மேல் இன்னொரு மட்டத்தை டிரேசிங் துணியில் வரைந்து வைத்துப் பார்ப்பது போல, ஒவ்வொரு ‘ஜியோம்’ கட்டளையும் ஏற்கெனவே இருப்பதன் மேல் ஒரு தாளை விரிக்கிறது. கடைசியில் எழுதியது எல்லாவற்றுக்கும் மேலே உட்காரும். ஆகவே வரிசை முக்கியம்: பின்புலம், துணைக்கோடு, உண்மைப் புள்ளி, பெயர்ச்சீட்டு என்று எழுதுங்கள். மாற்றி எழுதினால் கோடு புள்ளியை மறைக்கும்.

முதல் முயற்சியில் புள்ளிகள் எல்லாம் இடது கீழ் மூலையில் குவிந்து கிடக்கும். தொடக்க ஆண்டுகளின் சின்ன எண்களும் உச்ச ஆண்டுகளின் பெரிய எண்களும் ஒரே அச்சில் ஏறினால் அப்படித்தான். இரண்டு அச்சையும் மடக்கை அளவுக்கு மாற்றுங்கள்: ஸ்கேல்_எக்ஸ்_லாக்10, ஸ்கேல்_ஒய்_லாக்10. இப்போது அச்சில் ஒரு படி ஏறினால் பத்து மடங்கு.

இரண்டாம் அடுக்கு: வளக்கோடுகள்

இந்த வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்த அடுக்கு இதுதான். டன்னுக்கு 10 கிராம் தங்கம் உள்ள கல் ஒரு லட்சம் டன் அரைத்தால் 1000 கிலோ, பத்தாயிரம் டன் அரைத்தால் 100 கிலோ. மடக்கை அச்சுகளில் இந்த இரண்டு இடத்தையும் சேர்த்தால் ஒரு நேர்கோடு. டன்னுக்கு 5 கிராம், 20 கிராம், 40 கிராம் என்று எதை எடுத்தாலும் அதே சாய்வில் இணைகோடாக வரும். மேலே உள்ள கோடு வளமான கல், கீழே உள்ளது வறண்ட கல். ஒரு புள்ளி கோட்டின் வழியே நகர்ந்தால் சுரங்கம் கூடவோ குறையவோ அரைத்திருக்கிறது, கல்லின் தரம் அப்படியே. கோட்டைவிட்டுக் கீழே விழுந்தால் தரமே போய்விட்டது என்று பொருள். நாம் கேட்ட இரண்டாம் கேள்விக்கு விடை இந்தக் கோடுகளில் இருக்கிறது. புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது.

கட்டளை: ஜியோம்_ஏபிலைன். சாய்வு 1. வெட்டுத்துண்டு எவ்வளவு என்பதில்தான் பலரும் திணறுவார்கள். அச்சுகளை மடக்கைக்கு மாற்றியிருந்தால் இந்தக் கட்டளை மாற்றிய பிறகுள்ள அளவில்தான் கோடு போடும். அதனால் டன்னுக்கு 10 கிராம் கோட்டுக்கு வெட்டுத்துண்டு 10 அல்ல, 0.01 என்பதும் அல்ல; 0.01இன் பத்தடி மடக்கை, அதாவது மைனஸ் 2. 5 கிராமுக்கு மைனஸ் 2.30, 20 கிராமுக்கு மைனஸ் 1.70. மெல்லிய சாம்பல் கோடாக, புள்ளிகளுக்கு அடியில் வையுங்கள். கோஆர்ட்_ஃபிக்ஸட் சேர்த்தால் கோடுகள் சரியாக 45 டிகிரியில் நிற்கும், கண் சாய்வை ஒப்பிட வேண்டிய வேலை மிச்சம்.

ஆண்டு எங்கே போயிற்று? நிறத்துக்குப் போகட்டும். வெளிறியது பழையது, அடர்ந்தது புதியது என்று ஒரே வரிசையில் ஓடும் நிறத்தொகுதியை எடுங்கள், விரிடிஸைத் திசை திருப்பிப் போட்டால் போதும். வானவில் வேண்டாம்: 1920க்கும் 1930க்கும் நடுவே பச்சை மஞ்சளாக மாறினால் அங்கே ஏதோ நடந்தது போலத் தோன்றும், நடந்திருக்காது. புள்ளிகளை ஆண்டு வரிசையில் இணைக்க விரும்பினால் ஜியோம்_பாத். தவறிப்போய் ஜியோம்_லைன் போட்டால் அது கிடை அச்சின் வரிசையில் இணைத்துத் தாறுமாறாக ஒரு ரம்பத்தை வரைந்து வைக்கும். ஜியோம்_பாத் அட்டவணையில் வரி எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே போகும், ஆகவே முன்னதாக ஆண்டுப்படி அடுக்கிவிடுங்கள்.

கட்டங்கள்

நான்கு சுரங்கத்தையும் ஒரே சட்டத்தில் போட்டுப் பாருங்கள். நிறத்தை ஆண்டுக்குக் கொடுத்துவிட்டோம், சுரங்கத்தை வடிவத்தால் காட்டலாம் என்று வட்டம், முக்கோணம், சதுரம், கூட்டல் என்று வைத்தால் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் கண் எதைப் பிடிக்கும்? பிரிக்க வேண்டிய நேரம் இது. ஃபேசட்_ராப் என்ற கட்டளையில் சுரங்கத்தின் பெயர் உள்ள நெடுவரிசையைச் சொன்னால் நான்கு கட்டம் வந்துவிடும்.

வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, வரிசை. ஒன்றும் சொல்லாவிட்டால் அகரவரிசை: உரிகம், சாம்பியன், நந்திதுர்க், மைசூர். இது தொலைபேசிப் புத்தகத்துக்குச் சரி. மண்ணுக்கடியில் மைசூர் மைனை ஒட்டித்தான் சாம்பியன் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் உள்ளவை வரைபடத்திலும் பக்கத்தில் இருந்தால்தான் ஒன்றின் வளம் அடுத்ததில் தொடர்கிறதா என்று கேட்க முடியும். ஃபேக்டர் கட்டளையில் தெற்கிலிருந்து வடக்காக வரிசையை நீங்களே எழுதிக்கொடுங்கள். நான்கையும் ஒரே கிடைவரிசையில் வைத்தால் உயரத்தை, அதாவது தங்கத்தை, ஒப்பிடுவது எளிது. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் கல்லின் அளவை ஒப்பிடுவது எளிது. இரண்டுக்கு இரண்டு என்று சதுரமாக வைப்பது பக்கத்தில் அழகாக உட்காரும், ஒப்பிடுவதில் பாதி வசதி போய்விடும்.

இரண்டாவது, அளவுகோல். ஸ்கேல்ஸ் என்ற இடத்தில் ஃப்ரீ என்று எழுதினால் ஒவ்வொரு கட்டமும் தன் புள்ளிகளுக்கு ஏற்றபடி அச்சை நீட்டிச் சுருக்கிக்கொள்ளும். எல்லாக் கட்டமும் நிறைந்து காணும், பார்க்க நன்றாயிருக்கும். சின்ன சுரங்கமும் பெரிய சுரங்கமும் ஒரே உயரமாகவும் தெரியும். நான் இந்தக் கணக்குக்கு ஒருபோதும் அதை அனுமதிக்க மாட்டேன். ஒரே அளவுகோலில் ஒரு கட்டம் பாதி காலியாகக் கிடந்தால் அந்தக் காலியிடமே ஒரு செய்தி. ஃப்ரீ என்பது அலகே வேறுபடும்போது மட்டும்: ஒரு கட்டத்தில் டன், மற்றொன்றில் டிகிரி என்றால் வேறு வழியில்லை.

கட்டம் கட்டமாகப் பிரிக்கும் இந்த முறைக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஆறு பண்ணைகளில் 1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பத்து வகை வாற்கோதுமையின் விளைச்சலை அளந்தார்கள். அந்த எண்கள் அறுபது ஆண்டு புள்ளியியல் பாடப்புத்தகங்களில் வந்துகொண்டிருந்தன. பெல் ஆய்வகத்தின் வில்லியம் கிளீவ்லண்ட் அவற்றைப் பண்ணைக்கு ஒரு கட்டமாக, ஒரே அளவுகோலில் பிரித்துப் போட்டார். ஐந்து பண்ணைகளில் 1931 நல்ல ஆண்டு, மாரிஸ் என்ற ஒன்றில் மட்டும் தலைகீழ். மாரிஸில் இரண்டு ஆண்டையும் மாற்றி எழுதியிருப்பார்கள் என்று 1993இல் வந்த தன் புத்தகத்தில் வாதிட்டார். இருபது ஆண்டு கழித்து, 2013இல், கெவின் ரைட் பழைய வானிலைக் குறிப்புகளையும் மற்ற ஆண்டு விளைச்சலையும் தோண்டி எடுத்து, அது பிழையாக இருக்க வேண்டியதில்லை, மண்ணும் மழையும் அப்படி விளைவிக்கக்கூடியவைதான் என்று பதில் எழுதினார். கட்டம் சந்தேகத்தைத்தான் எழுப்பும், தீர்ப்பு சொல்லாது. கிளீவ்லண்டின் அந்த முறையை ஆர் மொழிக்கு லேட்டிஸ் என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தவர் தீபாயன் சர்க்கார், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தில்லி மையத்தில் பணிபுரிபவர். ஜிஜிபிளாட் வருவதற்கு முன்னால் கட்ட வரைபடம் என்றால் லேட்டிஸ்தான்.

நம் தங்கக் கணக்குக்கு இதை இப்படிப் பயன்படுத்துங்கள். ஏதோ ஓர் ஆண்டில் புள்ளிகள் சட்டென்று இடம் மாறுகின்றன என்று வையுங்கள். நான்கு கட்டத்திலும் ஒரே ஆண்டில், ஒரே தூரம் மாறினால் முதலில் சுரங்கத்தைச் சந்தேகிக்காதீர்கள், கணக்குப் பிள்ளையைச் சந்தேகியுங்கள். கிலோவுக்கும் அவுன்ஸுக்கும் இடையே 32 மடங்கு. மடக்கை அச்சில் அது ஒன்றரைப் படி. எல்லாப் புள்ளியும் ஒன்றரைப் படி மேலே குதித்திருந்தால் அந்த ஆண்டிலிருந்து நீங்கள் அவுன்ஸை மாற்றாமல் ஏற்றியிருக்கிறீர்கள். அலகு சரியென்றால் அப்புறம் பொதுக் காரணம் தேடலாம்: 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் புள்ளி சறுக்கினால் அது அந்தச் சுரங்கத்தின் சொந்த விவகாரம். பாறை வெடிப்பில் (பழைய அறிக்கைகளின் ‘ஏர் பிளாஸ்ட்’) ஒரு பகுதி மூடப்பட்டதா, வளமான கொடி தீர்ந்ததா என்று அந்தச் சுரங்கத்தின் அறிக்கையை மட்டும் எடுத்துப் படியுங்கள்.

நிழல் அடுக்கு

பிரித்தால் ஒரு நட்டம் உண்டு. உரிகத்தைப் பார்க்கும்போது மற்ற மூன்றும் எங்கே இருந்தன என்பதைக் கண் மறந்துவிடும். அதற்கு மருந்து: ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு சுரங்கத்தின் புள்ளிகளையும் வெளிறிய சாம்பலில் பின்னால் போட்டு, அதன்மேல் அந்தச் சுரங்கத்தை மட்டும் நிறத்தில் வரைவது.

செய்வது சுலபம். அட்டவணையை ஒரு படியெடுத்து, அதிலிருந்து ‘சுரங்கம்’ நெடுவரிசையை நீக்கிவிடுங்கள். அந்தப் படியை மட்டும் தரவாகக் கொடுத்து முதல் அடுக்காக ஒரு ஜியோம்_பாயின்ட் எழுதுங்கள். எந்தக் கட்டத்துக்குப் போவது என்று தெரியாத தரவை ஜிஜிபிளாட் எல்லாக் கட்டத்திலும் வரையும். அவ்வளவுதான். ஆனால் நிழலைப் புள்ளியாக அல்லாமல் பாதையாக, ஜியோம்_பாத் கொண்டு போட நினைத்தால் சிக்கல்: சுரங்கம் எது என்று தெரியாததால் ஒரு சுரங்கத்தின் புள்ளியிலிருந்து இன்னொரு சுரங்கத்தின் புள்ளிக்குக் கோடு பாயும். நீக்குவதற்கு முன் அந்த நெடுவரிசையை ‘குழு’ என்று வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்து, நிழல் அடுக்கின் ஏஈஎஸ்ஸில் குரூப் அதுதான் என்று சொல்லுங்கள். கட்டம் பிரிக்கும் பெயர் இல்லை, கோடு பிரிக்கும் பெயர் இருக்கிறது, இரண்டும் நடக்கும்.

பூஜ்ஜியம்

மடக்கை அச்சில் பூஜ்ஜியத்துக்கு இடமில்லை. ஒரு சுரங்கம் ஓர் ஆண்டு கல்லே அரைக்கவில்லை என்றால் அந்தப் புள்ளி கட்டத்தின் ஓரத்தில் பாதி வெட்டுண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், ஜிஜிபிளாட் ஒரு சிவப்பு எச்சரிக்கை எழுதும். ஜியோம்_ஸ்மூத் போன்ற அடுக்குகள் அதை அப்படியே தள்ளிவிட்டுக் கோடு போடும். எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. இதே தங்க வயலில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் மொத்த விஷயமும் அந்தப் பூஜ்ஜியத்தில்தான் இருந்தது.

வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் மியூயான் துகள்கள் பாறைக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்று டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்தச் சுரங்கங்களில் அளந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் பி.வி. ஸ்ரீகாந்தன் தொடங்கிய வேலை அது. 1960களில் மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி மூவரும் 800 முதல் 8400 மீட்டர் நீருக்குச் சமமான ஆழங்கள் வரை கருவியை இறக்கினார்கள். எண்ணிக்கை பத்தாயிரம் மடங்கு அளவுக்குச் சரிந்துகொண்டே போயிற்று. ஆகக் கீழ்மட்டத்தில் இரண்டு மாதம் வைத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. மியூயானின் இரைச்சல் இல்லாத இடம் என்றால் நியூட்ரினோவைப் பிடிக்க ஏற்ற இடம் என்று பொருள். 1965இல் அதே நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனன் குழு ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து சாம்பியன் ரீஃபில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் ரைனஸ் குழுவும் அதே ஆண்டில் அதையே கண்டது.

அந்தப் பூஜ்ஜியத்தை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது? 0.001 போன்ற ஒரு எண்ணைப் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஏற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. அச்சின் அடிமட்டம் எங்கே என்பதை அந்த எண் முடிவுசெய்துவிடும் என்பதால் வேண்டாம். எண்ணிக்கைத் தரவு என்றால் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் ஒன்றும் வரவில்லை என்றால், உண்மைச் சராசரி 2.3க்குக் கீழே என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 2.3ஐ அளந்த நேரத்தால் வகுத்து, அந்த உயரத்தில் கீழ்நோக்கிய அம்பு ஒன்றைத் தனி அடுக்காகப் போடுங்கள். புள்ளிக்கு ஒரு தரவு, அம்புக்கு ஒரு தரவு, இரண்டு ஜியோம். உண்மை மதிப்பு இதற்குக் கீழே எங்கோ இருக்கிறது என்று அம்பு சொல்லும். தங்கக் கணக்கில் மூடிய ஆண்டுகளுக்கு அம்பும் வேண்டாம். அவற்றை விலக்கிவிட்டு, கட்டத்தின் மூலையில் எந்த ஆண்டுகள் விடுபட்டன என்று ஜியோம்_டெக்ஸ்ட் கொண்டு எழுதுங்கள்.

சேமிக்கும்போது

தமிழில் பெயரிட்டிருந்தால் கடைசிக் கட்டத்தில் ‘கோலார்’ என்பதன் கொம்பு எங்கேயோ போய் நிற்கும், அல்லது எழுத்துக்குப் பதில் சதுரப் பெட்டி வரும். பெட்டி என்றால் எழுத்துரு இல்லை: நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவி, தீம் என்ற கட்டளையில் அதன் பெயரைச் சொல்லுங்கள். கொம்பு இடம் மாறினால் எழுத்துருவில் குறையில்லை, படத்தை எழுதும் கருவிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. ராக் என்ற தொகுப்பை நிறுவி, ஜிஜிசேவ் கட்டளையில் டிவைஸ் என்ற இடத்தில் ராக் தொகுப்பின் ஏஜிஜி_பிஎன்ஜி என்று எழுதினால் சரியாகும். ஷோடெக்ஸ்ட் தொகுப்பை நம்ப வேண்டாம், அது எழுத்துகளைத் தனித்தனியாக வைத்துவிடும். பைத்தானில் மேட்பிளாட்லிப் பழைய பதிப்புகளுக்கும் இதே நோய்.

நான்கு கட்டம் ஒரே கிடைவரிசையில் என்றால் அகலம் உயரத்தைப் போல மூன்றரை மடங்காவது வேண்டும். ஜிஜிசேவில் 28 செ.மீ.க்கு 8 செ.மீ. கொடுத்துப் பாருங்கள், 300 புள்ளி அடர்த்தி போதும். திரையில் பெரிதாகத் தெரிந்த எழுத்து தாளில் எறும்பாகிவிடும், ஆகவே தீமில் அடிப்படை எழுத்தளவை உங்கள் அச்சுத் தாளை வைத்து முடிவுசெய்யுங்கள். கருப்பு வெள்ளையில் அச்சாகப் போகிறது என்றால் நிறத்தை மட்டும் நம்பி ஆண்டைக் காட்டாதீர்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் அருகில் ஆண்டை எண்ணாக எழுதிவிடுங்கள், பாதை எந்தத் திசையில் போகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.